யாருக்குச் சான்றிதழ், யாருக்குச் சாக்கடை?

கோடை விடுமுறை வந்தால் போதும், நம் மாவட்டத்துப் பொறியியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: "இன்டர்ன்ஷிப் எங்க கிடைக்கும்?" சிவில் படிக்கிறவருக்கு ஒரு இடம் வேண்டும், மெக்கானிக்கலுக்கு ஒன்று, எலக்ட்ரிக்கலுக்கு ஒன்று. இரண்டு வாரமோ நான்கு வாரமோ போய், கையெழுத்தும் சீலும் போட்ட ஒரு தாளோடு திரும்பி வர வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் கிரெடிட் சிக்கல். கேம்பஸ் இன்டர்வியூவில் சொல்லவும் ஒன்றும் இருக்காது.

அவர்கள் தேடிப் போகக்கூடிய பொது நிறுவனங்களில் ஒன்று கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மாநகராட்சிக்கோ குடிநீர் வடிகால் வாரியத்துக்கோ சொந்தமானது. மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. அதன் வாசலைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். அந்த வாசலுக்குள் ஹெல்மெட்டும் நோட்டுப் புத்தகமுமாக நுழைகிறவர்கள் யார்? அதே குழாய்களின் மறுமுனையில், தெருவில் மூடி திறந்து கிடக்கும் குழிக்குள் இறங்குகிறவர்கள் யார்? இரண்டு கேள்விக்கும் ஒரே தெருவிலிருந்து பதில் வந்திருந்தால் நாங்கள் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

பழையாறு எதைச் சுமக்கிறது?

நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஆறு பழையாறு. சுருளோட்டுப் பக்கம் தொடங்கி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் விழுகிறது. இன்று அந்த ஆறு நெல்லுக்கான தண்ணீரோடு நாகர்கோவிலின் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது. இதற்குத் தீர்வு என்று சொல்லித்தான் 2013-இல் நாகர்கோவில் பாதாளச் சாக்கடைத் திட்டம் தொடங்கியது. சாலையைத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடியும் தோண்டினார்கள். நகராட்சி 2019-இல் மாநகராட்சியானது. திட்டம் மட்டும் பத்தாண்டைத் தாண்டியும் இழுத்தது. சாலைப் பள்ளத்தில் விழுந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வரலாறு முதுகெலும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வலம்புரிவிளையைத்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடமாக்கினார்கள். ஊரின் குப்பையும் அங்கேதான் போகிறது. 52 வார்டுகளின் கழிவுநீரும் ஒருநாள் குழாய் வழியாக ஓர் இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். திட்டம் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது, அப்போதுதான் தொடங்கும். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அந்த மோட்டார்கள் ஓட வேண்டும். காற்றூட்டும் தொட்டியில் பிராணவாயு அளவைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் பிஓடி சோதனை செய்ய வேண்டும். கசடை எங்கே கொட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். யாருக்கு டெண்டர், என்ன விலை, என்ன நிபந்தனை என்று எழுத வேண்டும்.

நாகர்கோவிலோடு இது நிற்கவில்லை. 2015-இல் அம்ருத் திட்டம் வந்தது, 2021-இல் அம்ருத் 2.0 வந்தது. நாடெங்கும் நகரங்களுக்குக் குழாய் பதிக்கவும் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கப்படுகிறது. கழிவுநீர் இன்று பெரிய பொறியியல் துறை. வாளியிலும் மண்வெட்டியிலும் இருந்த வேலை கன்ட்ரோல் பேனலுக்கும் கம்ப்யூட்டர் திரைக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வாளியைச் சுமந்தவர்களின் பிள்ளைகள் இந்தத் திரையின் முன்னால் உட்காருவார்களா என்பதே நம் கேள்வி.

பெயர் மாறியது, பட்டியல் மாறவில்லை

2020-இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கொரோனா காலத்தில் 'முன்களப் பணியாளர்' என்றார்கள். காலைக் கழுவினார்கள், மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். அதன் பிறகு வந்த ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் சாக்கடை, செப்டிக் டேங்க் வேலை செய்கிறவர்களின் விவரம் நகரம் நகரமாகச் சேகரிக்கப்பட்டது. 2024-இல் 38,000 பேரின் விவரம் வெளிவந்தது. அதில் பட்டியல் சாதியினர் 68.9 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோர் 14.7. பழங்குடியினர் 8.3. பொதுப் பிரிவினர் 8. அதாவது 100 பேரில் 92 பேர் ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட மக்கள். இது அரசே எடுத்த கணக்கு. நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, சாக்கடைக்குள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர் கணக்கும் படிக்கவில்லை, சமூகமும் படிக்கவில்லை.

சாவிலும் நம் மாநிலத்துக்கு ஒரு 'பெருமை' உண்டு. 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கொடுத்த கணக்கின்படியே 200-க்கும் மேல். பெரியார் மண், சமூகநீதி மண் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்ணையும் அதே மேடையில் சொல்லட்டும்.

இப்போது அடுத்த கணக்கைக் கேட்போம். குழிக்குள் இறங்கியவர்களின் சாதியை எண்ணிய அரசு, குழியின் மேல் நின்று மேற்பார்வை செய்கிற பொறியாளர்களின் சாதியையும் எண்ணிச் சொல்லட்டும். நிலையத்தை ஓட்டும் ஒப்பந்த நிறுவனங்களின் முதலாளிகளையும், அங்கே கோடைப் பயிற்சி பெற்ற மாணவர்களையும் எண்ணட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு சமூகவியல் பாடநூல்.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 4 விழுக்காடு அளவுதான். ஓட்டுக் கணக்கு போடுகிற எந்தக் கட்சிக்கும் இந்த 4 விழுக்காடு பெரிதாகத் தெரியாது. அதிலும் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகள் சில தெருக்கள் மட்டுமே. எண்ணிக்கை குறைவானவர்களுக்கு உரிமை சட்டத்திலும் நடைமுறை விதியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'தெரிந்தவர் மூலம்' நடக்கிற எந்த ஏற்பாட்டிலும் அவர்களுக்குப் பங்கு வராது.

கடிதம் யாருக்குக் கிடைக்கும்?

கோடைப் பயிற்சி அப்படித் தெரிந்தவர் மூலம் நடக்கிற ஏற்பாடுதான். கல்லூரியில் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உள்ளே மாமாவோ சித்தப்பாவோ அப்பாவின் நண்பரோ இருந்தால் அந்தக் கடிதம் மேசையிலிருந்து மேசைக்கு நகரும். இல்லாவிட்டால் அது தட்டிலேயே கிடக்கும். எத்தனை இடம், யார் தேர்வு செய்கிறார், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலகையில் யாரும் எழுதிப் போடுவதில்லை.

எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு வருகிற ஒரு மாணவர் மூன்றாம் ஆண்டு சிவில். அம்மா தூய்மைப் பணியாளர். ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுக்கப் போனபோது, "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? பதில் சொன்னதும், "அப்ப உனக்கு இதெல்லாம் வீட்டுலயே தெரியுமே" என்று சிரித்திருக்கிறார்கள். அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இதைக் கேலி என்று விட்டுவிட நாங்கள் தயாராக இல்லை. சாதியே கேட்காமல் சாதியைக் கண்டுபிடித்து, கதவைச் சாத்துகிற பழைய வித்தை இது.

அந்தக் கதவு திறந்தாலும் அடுத்த தடை பணம். பெரும்பாலான கோடைப் பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் சும்மா போய்வருவது பெரிய விஷயமில்லை. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் கட்டட வேலை, கேட்டரிங், ஜவுளிக்கடை, செங்கல் சூளை. அடுத்த செமஸ்டருக்கான பணம் அந்த ஒரு மாதத்தில்தான் சேர்கிறது. சம்பளமில்லாத பயிற்சி அவர்களுக்கு இரட்டை நட்டம்: பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போகும், கூலியும் போகும். ஆகவே அவர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள்? பணம் கட்டினால் இரண்டே நாளில் சான்றிதழ் தருகிற கடைகளைத் தேடிப் போகிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமலேயே தாள் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு அதே சமூகம் சொல்கிறது, "கோட்டாவில வந்தவனுக்கு ஒண்ணும் தெரியல."

சட்டத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் 'அப்ரண்டிஸ்' எடுத்தால் உதவித்தொகை தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 3-ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அதே இடத்தில் அதே பயிற்சிக்கு 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கடமை எதுவும் ஒட்டாது. பெயரை மாற்றினால் இடஒதுக்கீடு போய்விடும், உதவித்தொகை போய்விடும். ஒன்றிய அரசு 2020 ஜூன் 4-இல் தொடங்கிய 'துலிப்' திட்டத்திலும் இதே கதைதான். நகர்ப்புற உள்ளாட்சிகளில் பட்டதாரிகளுக்குப் பயிற்சி என்றார்கள். 2025-க்குள் 1 கோடி இன்டர்ன்ஷிப் என்ற ஏஐசிடிஇயின் இலக்குக்கு இது பெரிய படி என்றார்கள். உதவித்தொகையை முடிவு செய்வதை அந்தந்த உள்ளாட்சியிடமே விட்டுவிட்டார்கள்.

தொட்டியின் மேலிருந்து தெரியாதவை

சரி, உள்ளே போன மாணவர் என்ன படிக்கிறார்? கம்பிச் சல்லடையில் துணியும் பிளாஸ்டிக்கும் தங்கும். மணல் தொட்டியில் மணல் படியும். காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கண்டுபிடித்த இந்த முறை இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. பிறகு படிவுத் தொட்டி, குளோரின், வெளியேற்றம். ரிப்போர்ட்டில் ஒரு படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பிஓடி உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு என்று எழுதினால் முடிந்தது. எல்லாவற்றையும் கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாயிற்று.

அந்தப் படத்தில் ஆள் இல்லை. சல்லடையில் தங்கியதை யார் கையால் எடுக்கிறார்? மோட்டாரில் துணி சுற்றினால் யார் இறங்குகிறார்? அவருக்குச் சம்பளம் எவ்வளவு, அவருடைய முதலாளி மாநகராட்சியா, ஒப்பந்தக்காரரா, ஒப்பந்தக்காரருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரரா? ரிப்போர்ட்டில் இதற்குக் கட்டமே கிடையாது.

2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுது பார்க்கப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். கவனியுங்கள் தோழர்களே, அது தெருவோரக் குழி இல்லை. பொறியியல் வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு, அதிகாரிகள் மேற்பார்வையில் இயங்கிய பொது நிலையம். 2023 ஜூலை 19-இல் உத்தராகண்டின் சமோலியில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம் பாய்ந்து 16 பேர் இறந்தார்கள். 'நவீன நிலையம்' என்று பெயர் வைத்துவிட்டால் சாவு வாசலில் நின்றுவிடாது.

சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பற்றி எந்தப் பொறியியல் மாணவரும் படித்திருப்பார். அழுகிய முட்டை நாற்றம், காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவைத் தொட்டதும் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் வருவதில்லை. ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான். இதைத் தடுக்கக் கையடக்கமான ஒரு வாயு அளவி போதும். அந்தக் கருவி ஆய்வகத்தில் மாணவர் கைக்குக் கிடைக்கிறது. குழிக்குள் இறங்குகிறவர் இடுப்பில் இல்லை. இதைவிட எளிதாகச் சாதியை விளக்க எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமலா? 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு ஆபத்தான முறையில் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. 33-ஆவது பிரிவு, இயந்திரங்களைப் பயன்படுத்துவதை உள்ளாட்சியின் கடமை என்கிறது. விதிகளில் 44 பாதுகாப்புப் பொருட்களின் பட்டியல் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, சாவு நின்றபாடில்லை. இந்தச் சட்டத்தைச் சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தில் எத்தனை கல்லூரிகள் சொல்லிக் கொடுக்கின்றன? பிஓடி சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற மாணவர் 7-ஆவது பிரிவையும் தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டாமா? நாளை அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தானே.

"திரும்பவும் அங்கயா?"

இந்த வேண்டுகோளை எங்கள் தெருக்களில் பேசும்போது ஒரு தாய் எங்களைக் கேட்டார்: "என் மவன இஞ்சினியருக்குப் படிக்க வச்சது இந்த நாத்தத்த விட்டு ஓடத்தான். திரும்பவும் அங்கயா அனுப்பச் சொல்லுதிய?"

இந்தக் கேள்வியை லேசாகத் தாண்டிப் போகிறவர் இந்த இயக்கத்தில் இருக்கத் தகுதியில்லாதவர். தகழி 1947-இல் மலையாளத்தில் 'தோட்டியின் மகன்' எழுதினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. ஆலப்புழையின் மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை அது. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று ஒரு தகப்பன் படாத பாடு படுகிறான். ஊர் விடவில்லை. அந்தத் தகப்பனின் பயம்தான் இந்தத் தாயின் பயமும். வெளியேறுவது உரிமை. மருத்துவம், ஐடி, வங்கி, கப்பல், எங்கே வேண்டுமானாலும் நம் பிள்ளைகள் போகட்டும். 'உனக்கு இதுதான் ஏற்றது' என்று எவரும் தள்ளிவிடக் கூடாது. கழிவு வேலையைப் புனிதம், சேவை, தவம் என்று பேசுகிற வாயை நம்பவே வேண்டாம். புனிதமானால் அவர்கள் பிள்ளைகளை முதலில் அனுப்பட்டும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பயிற்சி? பதில் இதுதான். ஒரு வேலையைக் கையால் செய்வதற்கும், அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் சாதி குடியிருக்கிறது. வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல், வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாக அடுக்குகிற ஏற்பாடு சாதி என்பதை 1936-இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். கழிவுநீர்த் துறையில் அந்த அடுக்கு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது: மேலே கையெழுத்து, கீழே கழுத்தளவு சாக்கடை. கீழே இருப்பவர் வெளியேறினால் மட்டும் இந்த அடுக்கு உடையாது, இன்னொரு ஏழை, இன்னொரு மாநிலத்து ஏழை, அந்த இடத்துக்குக் கொண்டுவரப்படுவார். மேலே இருக்கிற இருக்கையில் நம் ஆள் உட்கார்ந்து, 'மனிதர் இறங்க வேண்டிய எந்த வடிவமைப்புக்கும் நான் ஒப்புதல் தர மாட்டேன்' என்று எழுத வேண்டும். அதற்கான முதல் படி அந்த நிலையத்தை உள்ளும் புறமும் அறிவது. கோடைப் பயிற்சியின் அரசியல் அங்கேதான் இருக்கிறது.

இது கனவு இல்லை. 2015-இல் கோழிக்கோட்டில் குழிக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு, குற்றிப்புறத்தில் பொறியியல் படித்த கேரள இளைஞர்கள் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' இயந்திரத்தை உருவாக்கினார்கள். 2018-இல் அது வேலைக்கு இறங்கிய ஊர் திருவனந்தபுரம், நமக்கு இரண்டு மணி நேரப் பஸ் பயணம். சென்னை ஐஐடியில் ஒரு மாணவரின் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டுப் புராஜெக்டாகத் தொடங்கியது செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் 'ஹோமோசெப்'. சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் துணையோடு அதன் முதல் இயந்திரங்கள் போனது, துப்புரவு வேலையில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களின் கைக்கு. மாணவர் புராஜெக்ட் என்றால் அலமாரியில் தூசி படிய வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: குழியின் உட்புறத்தை அறிந்தவர்களின் பிள்ளைகள் வடிவமைப்பு மேசையில் முதல் நாளிலிருந்தே இருந்தால் அந்த இயந்திரம் எவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும்?

இலவச ஆள் என்று நினைக்காதீர்கள்

இன்னொரு பக்கமும் கண்ணை வைத்திருக்க வேண்டும். 2022-இல் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து, கீழ்நிலை வேலைகளை வெளியாட்களிடம் விடும் வழியைத் திறந்தது. தொழிற்சங்கங்கள் அன்றிலிருந்து எதிர்க்கின்றன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்து தனியார்மயத்தை எதிர்த்ததும், நள்ளிரவில் அள்ளிச் செல்லப்பட்டதும் நீங்கள் பார்த்ததுதான். ஆள் குறைந்த அலுவலகங்கள், 'பயிற்சி மாணவர்' என்ற பெயரில் இலவச ஆள் தேடும். பதிவேடு எழுத ஒருவர், மோட்டார் பார்க்க ஒருவர், மாதிரித் தண்ணீர் எடுக்க ஒருவர். பயிற்சி ஒரு தொழிலாளியின் வேலையைத் தின்னக் கூடாது. அம்மாவின் வேலையைப் பறித்துத்தான் மகனுக்குச் சான்றிதழ் என்றால் அந்தச் சான்றிதழ் நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது

ஒன்று. மாநகராட்சியும் குடிநீர் வடிகால் வாரியமும் ஒவ்வொரு மார்ச் மாதமும் கோடைப் பயிற்சி இடங்களைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். எத்தனை இடம், எந்தப் பிரிவு, தேர்வு முறை என்ன என்பதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். கோணத்தில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐடிஐ தொடங்கி எல்லாக் கல்லூரிகளின் பலகையிலும் அந்த அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு. மாநில இடஒதுக்கீடு அப்படியே பொருந்த வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இதில் தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பெற்றோர் தொழிலை நேர்முகத்தில் கேட்கக் கூடாது, முன்னுரிமைக்கான சான்று தனியாகப் பெறப்பட வேண்டும்.

மூன்று. சம்பளமில்லாத பயிற்சி வேண்டாம். தொழில் பழகுநர் சட்டத்தின் உதவித்தொகைக்குக் குறையாமல், பயிற்சி நாட்களுக்கு ஏற்ப, மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட வேண்டும்.

நான்கு. நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த தொழிலாளர்களைப் பயிற்றுநர்களாக நியமித்து, மதிப்பூதியம் தர வேண்டும். நுரையின் நிறத்தைப் பார்த்தே தொட்டியின் நோயைச் சொல்கிறவர்கள் அவர்கள். அவர்களை மாணவர் 'சார்', 'மேடம்' என்று கூப்பிடட்டும். ஒரே ஒரு கோடையில் பல வீடுகளின் வளர்ப்பு மாறும்.

ஐந்து. முதல் நாள் பாடம் பாதுகாப்பும் சட்டமும். மாணவரோ தொழிலாளியோ யாரும் குழியிலோ தொட்டியிலோ இறங்கக் கூடாது. இறங்கச் சொல்கிறவர் பெயர் அன்றே எழுத்துப்பூர்வமாகப் புகாராகப் பதிவாக வேண்டும்.

ஆறு. பயிற்சி அறிக்கைகள் பொது ஆவணமாக்கப்பட வேண்டும். அதில் தொழிலாளர் நிலை பற்றி ஒரு பகுதி கட்டாயம்.

இந்தக் கோடையில் நீங்கள் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களே, அரசு அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்விகள் இவை: கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது? எந்தெந்தக் கல்லூரி? தேர்வு எந்த விதியின்படி? உதவித்தொகை எவ்வளவு? நிலையத்திலும் நீரேற்று நிலையங்களிலும் எத்தனை வாயு அளவிகள் உள்ளன, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? 44 பாதுகாப்புப் பொருட்களில் எவை வாங்கப்பட்டுள்ளன? தனி ஆட்களின் பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள், மாவட்டம் முழுவதையும் சேர்த்து ஒரே அட்டவணையாக்குவோம்.

பயிற்சி கிடைத்தவர்கள், எந்தச் சாதியானாலும், இரண்டு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். ஒன்றில் பிஓடி, கசடு, மோட்டார் குதிரைத்திறன். மற்றதில் யார் எந்த வேலை செய்கிறார், கையுறை இருக்கிறதா, குளிக்க இடம் இருக்கிறதா, சம்பளச் சீட்டு கொடுக்கிறார்களா. மதியச் சாப்பாட்டைத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெட்கப்பட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்தவர்கள், மறுபடியும் போங்கள், இந்த முறை நாங்களும் கூட வருகிறோம். வெட்கம் நமக்கில்லை. ஊரின் கழிவை ஊரே சுமக்காமல் சில தெருக்களின் தலையில் வைத்தவர்களுக்குத்தான் அது இருக்க வேண்டும்.

எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரலாம் என்று அய்யா வைகுண்டர் முத்திரிக்கிணறு கண்ட மண் இது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்த மண். அடுத்த ஆண்டு மார்ச் 20-இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நல்ல தண்ணீரில் நம் பங்கைக் கேட்டுப் போராட ஒரு நூற்றாண்டு ஆனது. கழிவுநீரில் நம் தலையில் கட்டப்பட்ட பங்கை இறக்கி வைக்கவும், அந்த நீரை ஆளும் அறிவில் நம் பங்கை எடுக்கவும் இன்னொரு நூற்றாண்டு காத்திருக்க நாம் தயாராக இல்லை. அடுத்த மார்ச் மாத அறிவிப்புப் பலகையில் இருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்!